சொல்லாமல் விட்ட எடுகோள்: தேர்வுத் தாளிலும் திட்டக் கோப்பிலும்

(போட்டித் தேர்வு மாணவர்களும் இளம் அலுவலர்களும் பங்கேற்ற பயிற்சி வகுப்பொன்றில் மத்திய அரசு அதிகாரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குடிமைப் பணிகள் முதனிலைத் தேர்வில் 2011ஆம் ஆண்டு முதல் திறனறியும் தாள் ஒன்று இடம்பெற்று வருகிறது. 80 வினாக்கள், 200 மதிப்பெண்கள், 2 மணி நேரம். 2015 முதல் இதில் 33 விழுக்காடு பெற்றால் போதும் என்னும் தகுதித் தாளாக அது மாற்றப்பட்டது. இத்தாளில் ஒரு சிறு பத்தியைக் கொடுத்து, அதை எழுதியவர் எந்த எடுகோள்களை மனத்திற்கொண்டு எழுதினார் என்று வினவுவதுண்டு. வங்கிப் பணித் தேர்வுகளிலும் 'கூற்றும் எடுகோளும்' என்னும் வகை வினா நெடுங்காலமாக இருந்து வருகிறது. அமெரிக்காவில் வாட்சன், கிளேசர் என்னும் இருவர் வகுத்த புகழ்பெற்ற திறனாய்வுச் சிந்தனைத் தேர்வின் ஐந்து பிரிவுகளுள் ஒன்று, எடுகோளை இனங்காணுதல் ஆகும்.

வரலாறும் புவியியலும் நன்கு கற்ற மாணவர்கள்கூட இவ்வகை வினாவில் இடறுவதைக் காண்கிறோம். இங்கு வினவப்படுவது தாளில் எழுதப்படாத ஒன்று. மனப்பாடம் இங்கே உதவாது. தவறான விடைக்கு அவ்வினாவின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படுவதால் கண்மூடித்தனமாக ஊகித்து எழுதுவதாலும் சராசரியில் ஆதாயம் இல்லை. இதனைச் சீராக அணுகும் முறையை முதலில் விளக்க விரும்புகிறேன். தேர்வில் தேறிப் பணியில் சேர்ந்த பின்னரும் இம்முறை ஏன் தேவைப்படுகிறது என்பதை, நம் நாட்டின் வளர்ச்சி வரலாற்றிலிருந்து சில எடுத்துக்காட்டுகளால் பின்னர் எடுத்துரைக்கிறேன்.

எடுகோள் என்பது யாது?

ஒரு வாதத்தில் காரணமும் முடிவும் உண்டு. 'மலையில் புகை தெரிகிறது; ஆகவே அங்குத் தீ உள்ளது' என்பது நம் தருக்க நூல்களின் தொன்மையான எடுத்துக்காட்டு. புகை, காரணம், தீ, முடிவு. இவ்விரண்டையும் பிணைப்பது 'புகையுள்ள இடத்தில் தீயும் உண்டு' என்னும் பொது உண்மை. அது சொல்லப்படவில்லை, ஆயினும் அதுவின்றி முடிவு நில்லாது. இவ்வாறு, சொல்லப்படாமலே வாதத்தைத் தாங்கி நிற்கும் கூற்றையே எடுகோள் என்கிறோம்.

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். நியாய நூலார் வாதத்திற்கு ஐந்து உறுப்புகளை வகுத்தனர். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள், பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று இவ்வைந்தையும் விளக்குகிறார். மூன்றாம் உறுப்பான திட்டாந்தத்தில், 'புகையுடையது தீயுடையது, அடுக்களையைப் போல' என்று பொது உறவையும் அதற்கான சான்றையும் வெளிப்படையாகக் கூறியாக வேண்டும். அன்றாடப் பேச்சில் நாம் விட்டுவிடும் உறுப்பு பெரும்பாலும் இதுவே. கேட்போர் அறிந்த கூற்றைப் பேச்சாளர் சொல்லாது விடுவதையும், கேட்போரே அதனை நிரப்பிக்கொள்வதையும் கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டிலும் குறிப்பிட்டுள்ளார். விடுவது குற்றமன்று, எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தால் பேச்சு முடிவுறாது. விட்டது யாது என்பதை அறியாதிருப்பதே இடர் தருவது.

சொல்லைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவை. அன்றாட வழக்கில் எடுகோளை 'அனுமானம்' என்று கூறுவாருளர். தருக்க நூலில் அனுமானம் என்பது, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லும் செயல். எடுகோள் முடிவுக்கு முன்னரே இருப்பது. அனுமானத்தால் கிட்டுவது பின்னர் வருவது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதாலேயே, பத்தியிலிருந்து 'பெறப்படுவதை' எடுகோள் என்று பலர் குறித்துவிடுகின்றனர்.

மறுத்துப் பார்க்கும் முறை

எடுகோளைக் கண்டறிய நம்பத் தகுந்த வழி, ஐயத்திற்குரிய கூற்றை மறுத்துப் பார்ப்பதாகும். மறுத்தபின் வாதம் சரிந்தால் அக்கூற்று எடுகோள், சரியாவிடில் அன்று. விளக்கத்துக்காக ஒரு வினாவை நாமே அமைத்துக்கொள்வோம்.

கூற்று: ஒரு மாவட்டத்தில் சென்ற ஆண்டு உரப் பயன்பாடு பெருகியது. அதே ஆண்டில் நெல் விளைச்சலும் உயர்ந்தது. ஆகவே விளைச்சல் உயர்ந்ததற்கு உரப் பயன்பாடு பெருகியதே காரணம்.

1. கூடுதலாகப் பயன்பட்ட உரத்தில் ஒரு பகுதியேனும் நெல் வயல்களுக்கு இடப்பட்டது.
2. அவ்வாண்டு நல்ல மழை பெய்து, அது மட்டுமே விளைச்சல் உயர்வு முழுவதையும் தந்துவிடவில்லை.
3. உரம் ஒன்றே நெல் விளைச்சலை உயர்த்த வல்லது.
4. உரப் பயன்பாடு வரும் ஆண்டில் மேலும் பெருகினால் விளைச்சலும் மேலும் உயரும்.
5. பிற மாவட்டங்களிலும் உரம் பெருகிய ஆண்டுகளில் நெல் விளைச்சல் உயர்ந்துள்ளது.

முதற் கூற்றை மறுப்போம். கூடுதல் உரம் முழுவதும் கரும்புக்கும் வாழைக்கும் சென்றுவிட்டது. நெல்லுக்குச் சிறிதும் சேரவில்லை. அப்படியாயின் நெல் விளைச்சலுக்கு உரம் எவ்வாறு காரணமாகும்? வாதம் சரிகிறது. இரண்டாவதை மறுப்போம். உயர்வு முழுவதையும் மழையே தந்துவிட்டது. மீண்டும் வாதம் சரிகிறது. ஆகவே முதலிரண்டும் எடுகோள்கள்.

மூன்றாவதை மறுத்தால், 'உரமன்றி வேறு காரணிகளும் விளைச்சலை உயர்த்த வல்லன' என்றாகும். வேறு காரணிகள் உலகில் இருப்பதால் என்ன? அவை அம்மாவட்டத்தில் அவ்வாண்டில் செயல்படாதிருந்தால் வாதம் நிற்கும். ஆகவே மூன்றாவது எடுகோள் அன்று. வாதத்திற்குத் தேவையானதைக் காட்டிலும் மிகையான கூற்று. நான்காவது, வருங்காலம் பற்றியது. சென்ற ஆண்டைப் பற்றிய முடிவுக்கு அது தேவையில்லை. ஐந்தாவது வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. ஆயினும் அது பொய்யானாலும் இம்மாவட்டத்தைப் பற்றிய முடிவு உடனே விழுந்துவிடாது. வலுச் சேர்ப்பது வேறு, தாங்கி நிற்பது வேறு.

மறுக்கும்போது ஒரு நுட்பத்தை நினைவிற்கொள்ள வேண்டும். 'எல்லா உழவரும் கடன் பெற்றனர்' என்பதன் மறுப்பு, 'எந்த உழவரும் கடன் பெறவில்லை' என்பதன்று. 'கடன் பெறாத உழவர் ஒருவரேனும் உளர்' என்பதே. 'சிலர் பெற்றனர்' என்பதன் மறுப்பே 'ஒருவரும் பெறவில்லை' என்பது. மறுப்பைத் தவறாக அமைத்தால் சரியான முறையும் தவறான விடைக்கே இட்டுச் செல்லும்.

இரு வகை எடுகோள்கள்

மேற்கண்ட வினாவின் இரு விடைகளும் வேறுபட்ட பணிகளைச் செய்கின்றன. முதலாவது, உரத்தையும் நெல்லையும் இணைக்கிறது. இதனை இணைக்கும் எடுகோள் எனலாம். காரணத்தில் ஒரு சொல்லும் முடிவில் வேறொரு சொல்லும் வந்தால், அவற்றிடையேயுள்ள இடைவெளியில் இதனைத் தேட வேண்டும். இரண்டாவது, மழை என்னும் மாற்றுக் காரணத்தை அகற்றுகிறது. இது விலக்கும் எடுகோள். இதனைக் காண்பது கடினம். மழையைப் பற்றிய சொல்லே கூற்றில் இல்லை. அதனை நாம்தான் நினைந்து கொணர வேண்டும். பொருளியல் பயின்றோர் 'பிற நிலைமைகள் மாறாதிருப்பின்' என்னும் தொடரை நன்கறிவர். விலக்கும் எடுகோள்கள் அனைத்தையும் ஒரே தொடரில் அடக்கிக் கூறும் வழக்கம் அது.

செயல் ஒன்றைப் பரிந்துரைக்கும் வாதங்களில் இவ்விரண்டோடு மேலும் சில சேரும். 'கிணற்று நீரைக் காய்ச்சிக் குடியுங்கள்' என்று ஊராட்சி அறிவிக்கிறது என்று கொள்வோம். அறிவிப்பைக் கேட்டு மக்களுள் சிலரேனும் அவ்வாறு செய்வர் என்பது ஓர் எடுகோள். ஒருவரும் செய்யார் எனில் அறிவிப்புக்குப் பொருளில்லை. நீரிலுள்ள கேடு காய்ச்சுவதால் நீங்கக் கூடியது என்பது மற்றொன்று. இதனை மறுத்துப் பாருங்கள். நோய்க்கிருமிகள் காய்ச்சினால் மடியும். நீரில் கரைந்துள்ள ஃபுளோரைடு நீங்காது. மாறாக, நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு மிகும். இவ்வெடுகோள் பொய்யாகும் ஊரில் அறிவுரை தீங்காகிவிடும். தேர்வு வினாவிலிருந்து உண்மை உலகுக்கு நாம் வந்துவிட்டோம்.

ஆழ்குழாய்க் கிணறுகளின் பாடம்

கங்கைச் சமவெளியின் கீழ்ப்பகுதியில் மேற்கு வங்காளமும் வங்காளதேசமும் குளத்து நீரையும் ஆற்று நீரையும் நம்பியிருந்த நிலப்பரப்புகள். அந்நீரால் வாந்திபேதியும் வயிற்றுப்போக்கும் பரவின. குழந்தைகள் பெருமளவில் மாண்டனர். நிலத்தடி நீரில் இந்நோய்க் கிருமிகள் இல்லை. ஆகவே குழாய்க் கிணறுகளை இறக்கிக் கைப்பம்புகளைப் பொருத்தினால் மக்களுக்குப் பாதுகாப்பான குடிநீர் கிட்டும் என்று முடிவு செய்யப்பட்டது. 1970களில் வங்காளதேசத்தில் ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியத்தின் உதவியுடன் இப்பணி பெருகியது. மேற்கு வங்காளத்திலும் கைப்பம்புகள் பரவின.

இவ்வாதத்தைத் தேர்வு வினாவைப் போல எழுதிப் பாருங்கள். காரணம்: நிலத்தடி நீரில் நோய்க்கிருமிகள் இல்லை. முடிவு: நிலத்தடி நீர் பாதுகாப்பானது. காரணம் மெய்யே. ஆனால் 'கிருமி இல்லாதது' என்பதற்கும் 'பாதுகாப்பானது' என்பதற்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. குடிநீரால் வரும் தீங்கு கிருமியால் மட்டுமே வரும் என்னும் எடுகோள் அவ்விடைவெளியை நிரப்பியிருந்தது. அக்காலத்தில் அங்கு வழக்கமாகச் செய்யப்பட்ட நீர்ச் சோதனைகளில் ஆர்செனிக் என்னும் நச்சுப்பொருளுக்கான சோதனை இடம்பெறவில்லை.

1983இல் மேற்கு வங்காளத்தில் தோல் நோயுடன் மருத்துவர்களிடம் வந்தோர்க்கு ஆர்செனிக் நஞ்சேற்றமே காரணம் என்று கண்டறியப்பட்டது. வங்காளதேசத்தின் கிணறுகளில் 1993இல் அது காணப்பட்டது. ஆலைக் கழிவால் வந்ததன்று அது. ஆறுகள் இமயத்திலிருந்து கொணர்ந்து படியவிட்ட வண்டலிலேயே உறைந்து கிடந்தது. நிறமோ மணமோ சுவையோ அற்றது, காய்ச்சினாலும் நீங்காதது. ஆண்டுக்கணக்கில் பருகியோரின் உள்ளங்கைகளிலும் பாதங்களிலும் தடிப்புகள் தோன்றின. புற்றுநோய்க்கும் அது வழிவகுத்தது. எல்லைக்கு இருபுறமும் கோடிக்கணக்கான மக்கள் இந்த அபாயத்துக்கு உள்ளாயினர்.

கைப்பம்புத் திட்டம் அறிவீனமானது என்று கூறுவது என் கருத்தன்று. கிருமிகளால் வந்த கேட்டிலிருந்து அது மக்களைக் காத்தது. காரணம் மெய், நோக்கம் நன்று, செயல் சீர். குறை, சொல்லப்படாத ஒரு தொடரில் இருந்தது. 'கிருமியன்றி வேறு தீங்கு இந்நீரில் உண்டெனில் என்னாகும்?' என்று ஒருவர் மறுத்துப் பார்த்துக் கோப்பில் எழுதியிருப்பின், சோதனைப் பட்டியலில் இன்னும் சில பொருள்கள் சேர்ந்திருக்கக் கூடும். பின்னாளில் கிணறுகள் சோதிக்கப்பட்டு, வங்காளதேசத்தில் தீங்குள்ள பம்புகளுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் பூசப்பட்டன. இத்தீர்விலும் ஓர் எடுகோள் உண்டு: சிவப்புப் பம்பை விடுத்த குடும்பத்துக்கு நடந்து செல்லும் தொலைவில் பச்சைப் பம்பு ஒன்று இருக்கும் என்பது.

எண்ணோடு உடன்வராத தொடர்

குழாய்க் கிணற்றின் எடுகோள் தொடக்கத்திலேயே சொல்லப்படவில்லை. சொல்லப்பட்ட எடுகோள் பின்னர் மறைந்துபோவதும் உண்டு. வறுமைக் கோட்டின் வரலாறு இதற்குச் சான்று.

1962இல் வல்லுநர் குழு ஒன்று நாட்டு மக்களின் குறைந்தபட்ச வாழ்க்கைத் தேவையைத் தலைக்கு மாதம் 20 ரூபாய் என்று, 1960-61 விலையில், வரையறுத்தது. இத்தொகையில் கல்விக்கும் மருத்துவத்துக்குமான செலவு சேர்க்கப்படவில்லை. அவற்றை அரசே வழங்கும் என்று குழு வெளிப்படையாகக் கூறியது. இது நேர்மையான முறை. 20 ரூபாய் என்னும் எண்ணின் பக்கத்திலேயே, அது எதை நம்பி நிற்கிறது என்பதும் எழுதப்பட்டிருந்தது.

1979இல் அன்றைய திட்டக் குழு அமைத்த பணிக்குழு, நாளொன்றுக்குக் கிராமத்தில் 2400 கலோரி, நகரத்தில் 2100 கலோரி என்னும் உணவு அளவை அடிப்படையாகக் கொண்டது. அவ்வுணவைப் பெறும் குடும்பங்களின் செலவு நிலையைக் கொண்டு, 1973-74 விலையில் தலைக்கு மாதம் முறையே 49.09 ரூபாய், 56.64 ரூபாய் என வறுமைக் கோடு வரையப்பட்டது. பின்னர் விலைவாசிக்கேற்ப இத்தொகைகள் உயர்த்தப்பட்டு வந்தன. ஆண்டுகள் செல்லச் செல்ல, ஏழைக் குடும்பங்களும் பள்ளிக் கட்டணத்துக்கும் மருந்துக்கும் தம் கையிலிருந்தே செலவிட வேண்டியதாயிற்று. கோடு உயர்ந்தது, அதன் அடியிலிருந்த எடுகோள் மாறவில்லை. அறிக்கையிலிருந்து அறிக்கைக்கு எண் மட்டும் பயணம் செய்தது; 'அரசே வழங்கும்' என்னும் தொடர் உடன்வரவில்லை.

2009இல் பேராசிரியர் சுரேஷ் டெண்டுல்கர் தலைமையிலான குழு, இவ்வெடுகோளைப் பெயர் சொல்லிச் சுட்டிக்காட்டி, கல்விச் செலவுக்கும் மருத்துவச் செலவுக்கும் கோட்டில் இடமளித்தது. 2004-05ஆம் ஆண்டுக்குப் பழைய முறையில் 27.5 விழுக்காடாக இருந்த வறியோர் பங்கு, புதிய முறையில் 37.2 விழுக்காடாயிற்று. இந்த வேறுபாடு முழுவதற்கும் கல்வி, மருத்துவச் செலவே காரணம் என்று எவரேனும் எழுதினால், நம் உரவினாவின் இரண்டாம் கூற்றை அவருக்கு நினைவூட்டுங்கள். நுகர்வுப் பொருள்களின் தொகுதி, விலைக் குறியீடு, கணக்கெடுப்பு முறை ஆகியனவும் அப்போது மாற்றப்பட்டன.

கறவை மாடும் தீவனமும்

ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் 1978-79இல் தொடங்கி, 1980 அக்டோபர் 2 முதல் நாட்டின் எல்லா வட்டாரங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. வறிய குடும்பத்துக்கு மானியமும் வங்கிக் கடனும் அளித்து, வருவாய் தரும் சொத்தை வாங்கச் செய்வது அதன் நோக்கம். அச்சொத்து பல இடங்களில் கறவை மாடாக இருந்தது. 'சொத்தில்லாமையால் வருவாயில்லை; ஆகவே சொத்து அளித்தால் வருவாய் பெருகும்' என்பது வாதம். நிலமில்லாத குடும்பத்துக்குத் தீவனம் கிட்டும், நோயுற்றால் கால்நடை மருத்துவர் கிட்டுவார், பாலை வாங்க ஆளிருக்கும் என்பவை எடுகோள்கள். பொருளியல் அறிஞர் நீலகண்ட ரத் 1985இலேயே இத்திட்டத்தின் போக்கைக் கடுமையாக ஆராய்ந்து எழுதினார். குஜராத்தின் ஆனந்த் பால் கூட்டுறவுகளில் காலையும் மாலையும் பால் வாங்குதல், கொழுப்புச் சத்துக்கேற்ப விலை, கால்நடை மருத்துவம், தீவனம் ஆகிய அனைத்தும் அமைப்பின் பணிகளாகவே இருந்தன. ஓரிடத்தில் எடுகோளாக விடப்பட்டவை மற்றோரிடத்தில் வேலைத் திட்டமாகவே எழுதப்பட்டிருந்தன என்பது கருதத்தக்கது. 1999 ஏப்ரலில் முன்னைய திட்டம், சுயஉதவிக் குழுக்களை அடிப்படையாகக் கொண்ட வேறொரு திட்டத்துடன் இணைக்கப்பட்டது.

கோப்பில் செய்யத்தக்கது

அலுவலர்களுக்கு ஒரு சொல். நாம் எழுதும் குறிப்பு ஒவ்வொன்றும் 'ஆகவே ஒப்புதல் அளிக்கலாம்' என்று முடியும் ஒரு வாதமே. திட்ட வரைவுக்கென 1969இல் அமெரிக்கப் பன்னாட்டு வளர்ச்சி முகமைக்காக உருவாக்கப்பட்ட தருக்கச் சட்டக அட்டவணையில், கடைசிப் பத்தி எடுகோள்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. அப்பத்தியைக் கடமைக்காக நிரப்பினால் பயனில்லை. 'நிதி உரிய காலத்தில் கிடைக்கும்', 'மக்கள் ஒத்துழைப்பர்' என்னும் தொடர்கள் எந்தத் திட்டத்துக்கும் பொருந்தும். ஆகவே எதையும் உணர்த்துவதில்லை. இந்தத் திட்டத்தை மட்டும் சரியச் செய்யவல்ல தொடர் யாது என்று தேட வேண்டும்.

அதற்கு மூன்று கேள்விகள் போதும். காரணத்தில் உள்ள சொல்லும் முடிவில் உள்ள சொல்லும் ஒன்றுதானா? நாம் கூறும் காரணமன்றி இவ்விளைவைத் தரவல்லது வேறு ஏதேனும் உண்டா? நாம் நம்பியிருப்பது பொய்யாயின் முதலில் துன்புறுவோர் யாவர்? முதலிரண்டும் தேர்வு அறையில் உங்களுக்குத் துணை செய்யும். மூன்றாவதைத் தேர்வுத்தாள் கேட்பதில்லை. ஆயினும் ஓர் எடுகோளைச் சோதிக்க எவ்வளவு செலவிடலாம் என்பதை முடிவு செய்ய அக்கேள்வியே உதவும். அடிபம்பின் நீரைப் பருகப்போவது கோப்பில் கையொப்பமிட்டவர் அல்லர்.

மாணவ நண்பர்களே, நாள்தோறும் செய்தித்தாளின் தலையங்கம் ஒன்றை எடுத்து அதன் முடிவை ஒரு வரியில் எழுதுங்கள். காரணங்களை எண்ணிட்டு எழுதுங்கள். இவற்றிடையே சொல்லாமல் விடப்பட்டதை எழுதி, மறுத்துப் பாருங்கள். நீங்கள் உடன்படும் தலையங்கத்தையே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றுக் கருத்தினரின் எடுகோள் நம் கண்ணுக்கு எளிதில் தென்படும். நம்முடையது தென்படுவதற்குத்தான் பயிற்சி வேண்டும். இரண்டு திங்கள் இவ்வாறு பயின்றால் தேர்வு வினா எளிதாகும். பின்னர் நீங்கள் அமரவிருக்கும் மேசைக்கு வரும் கோப்புகளையும் இதே கண்ணோடு படிப்பீர்களாயின், இன்று நாம் இங்குச் செலவிட்ட நேரம் பயனுடையதாகும்.